கல்லுக்கு ரயில் ஓடிய செங்குன்றம்: கல் உடைத்தவர்களுக்கு ஏன் பெயர் இல்லை?

செங்குன்றத்தில் ரயில் நிலையம் கிடையாது. ரயில் ஏற வேண்டுமானால் அம்பத்தூருக்கோ ஆவடிக்கோ பஸ் பிடிக்க வேண்டும். கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளும், அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்களும் கூட்டத்தில் தொங்கிக்கொண்டு பஸ்ஸில்தான் போகிறார்கள். ஆனால் இந்தியாவில் முதன்முதலில் தண்டவாளம் போட்டுச் சரக்கு இழுத்த இடம் எது என்று கேட்டால், ரயில்வே வரலாறு எழுதியவர்கள் சொல்லும் பெயர் செங்குன்றம்தான்.

ஆண்டு 1837. பம்பாயிலிருந்து தானேவுக்குப் பயணிகள் ரயில் ஓடிய 1853-க்கு 16 ஆண்டுகள் முந்தையது இது. ராயபுரத்திலிருந்து அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியாக வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது 1856 ஜூலை 1-ஆம் தேதி. அதற்கும் 19 ஆண்டுகள் முந்தையது.

நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது. பம்பாய் – தானே என்று மனப்பாடம் செய்து தேர்வெழுதிவிட்டு வருகிறோம். செங்குன்றத்துக்கு உரிய பெருமை செங்குன்றத்துக்கு வர வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. நாமும் கேட்கிறோம். ஆனால் அந்தப் பெருமையைக் கேட்கும்போதே இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டியிருக்கிறது. அந்த ரயில் ஏற்றிச் சென்றது மனிதர்களை அல்ல, கல்லை. அந்தக் கல்லை உடைத்தது யார்?

சாலைக்காக வந்த தண்டவாளம்

செங்குன்றம் என்ற பெயரே மண்ணின் நிறத்தால் வந்தது. இங்கே நிலத்துக்கடியில் கிடப்பது செம்புரைக்கல். இரும்புச் சத்து மிகுந்த சிவந்த கல். பூமியிலிருந்து எடுக்கும்போது ஓரளவு இளகலாக இருக்கும். காற்றும் வெயிலும் பட்டால் இறுகிவிடும். மதராஸ் பட்டணம் வளர வளரச் சாலைகள் தேவைப்பட்டன. சாலைக்குக் கல் தேவைப்பட்டது. கல் இருந்த இடம் செங்குன்றம். தேவைப்பட்ட இடம் பட்டணம்.

நடுவில் இருந்தது மாட்டுவண்டித் தடம். மழை பெய்தால் சக்கரம் புதையும். கல் பாரம் ஏற்றிய வண்டியை மண்பாதையில் இழுப்பதற்குள் மாடு நுரை தள்ளிவிடும். அதே மாட்டை இரும்புத் தண்டவாளத்தின் மேல் ஓடும் வண்டியில் பூட்டினால் பலமடங்கு பாரத்தை இழுக்கும். உருளும் சக்கரத்துக்கு இரும்பின்மேல் தடை குறைவு. ரயில்பாதையின் அடிப்படைக் கணக்கே இதுதான். நீராவி பிறகு வந்து சேர்ந்தது.

அப்படித்தான் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பாலம் வரை கல் கொண்டுபோகப் பாதை போடப்பட்டது என்று ரயில்வே வரலாறு குறிப்பிடுகிறது. பாதைக்குப் பின்னால் இருந்த பொறியாளர் ஆர்தர் காட்டன். வில்லியம் ஏவரி என்பவரின் பெயரில் அறியப்பட்ட சுழல்வகை நீராவி எஞ்சினும் இதில் பயன்படுத்தப்பட்டது. ஆனாலும் பெரும்பாலும் வண்டிகளை இழுத்தவை விலங்குகளே. 1845-க்குள் இந்தப் பாதை வழக்கொழிந்துவிட்டது. அதே ஆண்டுகளில் காட்டன் கோதாவரியில் தவளேஸ்வரம் அணைக்கட்டு வேலைக்குப் போனார். அங்கேயும் கல் கொண்டுவரத் தண்டவாளம் போட்டார். செங்குன்றத்தில் கற்ற பாடம் கோதாவரியில் அணையானது.

காட்டனுக்கு ஆந்திராவில் சிலைகள் இருக்கின்றன. கோதாவரிக் கரை விவசாயிகள் அவரை இன்றும் கும்பிடுகிறார்கள். ஏவரியின் பெயர் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு வரலாற்றில் நின்றுவிட்டது. தண்டவாளத்தை யார் திட்டமிட்டார், எஞ்சினை யார் செய்தார் என்று அறிகிறோம். கடப்பாரை பிடித்துப் பாறையைப் பெயர்த்தவர், சம்மட்டியால் உடைத்தவர், கூடையில் அள்ளித் தலையில் சுமந்து வண்டியில் கொட்டியவர், பட்டணத்தில் அதை இறக்கிப் பரப்பி, தண்ணீர் ஊற்றி, திமிசு போட்டு இறுக்கியவர் என்று அந்த வரிசையில் நின்றவர்களில் ஒருவர் பெயர்கூட ரயில் வரலாற்றுப் புத்தகங்களில் நம் கண்ணில் பட்டதில்லை.

1837-இல் இந்த மாவட்டம் எப்படி இருந்தது?

பெயர் இல்லாவிட்டாலும், அந்தக் காலத்தின் நிலைமை என்ன என்பதற்கு ஆவணம் உண்டு. செங்குன்றம் அன்று செங்கற்பட்டு மாவட்டத்துக்குள் இருந்தது. மிராசுதார்கள் நிலம் வைத்திருந்தார்கள். சேரியில் இருந்தவர்கள் அந்த நிலத்தில் படியாட்களாக, பரம்பரை அடிமைகளாக உழைத்தார்கள். குடியிருந்த குடிசை நிற்கும் இடம்கூட மிராசுதாருக்குச் சொந்தம். கோபம் வந்தால் காலி செய் என்பார். போக இடம் கிடையாது.

பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறையை ஒழிக்க 1833-இல் லண்டன் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. பள்ளிப் புத்தகங்கள் இதைப் பெருமையாகச் சொல்லும். ஆனால் அந்தச் சட்டத்திலேயே ஒரு விலக்கு இருந்தது: கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கு இது பொருந்தாது. மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டத்தில் கட்டு அறுந்தது; செங்கற்பட்டு நஞ்சை வயலில் அறுபடவில்லை. இந்தியாவில் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்ற ஐந்தாவது சட்டம் 1843-இல்தான் வந்தது. ஆக, செங்குன்றத்தில் தண்டவாளம் போட்டபோது, ஒரு மனிதன் இன்னொரு மனிதனை உடைமையாக வைத்திருப்பது இந்த மண்ணில் சட்டப்படி செல்லும் விஷயம்.

சட்டம் வந்த பிறகும் என்ன மாறியது? 48 ஆண்டுகள் கழித்து, 1891-இல் செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். நிலமின்மை, கடன், குடியிருப்பு மனை மிராசுதார் பிடியில் இருப்பது எல்லாம் அதில் இருந்தன. அதன் தொடர்ச்சியாகத்தான் 1892-இல் பஞ்சமி நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடுகிற நம் கிராமங்கள் ஒவ்வொன்றும் அந்த அறிக்கையை நினைவில் வைத்திருக்கின்றன.

இப்படி ஒரு மாவட்டத்தில், கூலிக்கு மண் சுமப்பதும் கல் உடைப்பதும் எந்தத் தெருக்காரர்களின் வேலையாக இருந்திருக்கும் என்று கேட்டால், ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட பதில் சொல்லும். ஏரி வெட்டுவதும் கல் உடைப்பதும் பரம்பரைத் தொழிலாகச் சுமத்தப்பட்ட ஒட்டர்கள் ஒரு பக்கம். எந்தக் கடின வேலைக்கும் அழைத்தால் போயே தீர வேண்டிய சேரி மக்கள் இன்னொரு பக்கம். ஊர்த் தெருவில் இருந்தவர் யாரும் தலையில் கல் சுமக்கவில்லை.

போட்ட சாலையில் நடக்க 1924

கல் போய்ச் சேர்ந்தது சாலைக்கு. சாலை யாருக்கு?

பொதுப்பணத்தில் போட்ட சாலையிலும் தெருவிலும் ஒடுக்கப்பட்டோர் நடக்கக் கூடாது என்ற தடை தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்தது. எதிரே ஊர்க்காரர் வந்தால் ஒதுங்க வேண்டும். செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்க வேண்டும். சில தெருக்களில் காலே வைக்கக் கூடாது. சாலைக்குக் கல் சுமந்த தலை, அதே சாலையில் நிமிர்ந்து நடக்க முடியாது.

இதை சட்டமன்றத்துக்குக் கொண்டுபோனவர் நம் செங்கற்பட்டு மண்ணில் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். பொதுச்சாலை, தெரு, பொதுக்கிணறு, குளம், பொது இடங்கள் அனைத்தையும் எந்த வகுப்பினரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை அவர் சென்னை சட்டமன்றத்தில் முன்வைத்தார். 1924 ஆகஸ்டில் அது நிறைவேறியது. செப்டம்பரில் அரசாணையாக வந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சாலைக்காகச் செங்குன்றத்தில் தண்டவாளம் போட்டது 1837-இல். சாலையில் எல்லோரும் நடக்கலாம் என்று அரசு சொன்னது 1924-இல். இடையில் 87 ஆண்டுகள். இந்தியாவின் முதல் தண்டவாளம் என்று கல்வெட்டு வைக்கும்போது இந்த 87 ஆண்டுகளையும் சேர்த்து எழுத வேண்டும் என்பதே நம் வாதம். ரயில் வரலாறு தனி, சாதி வரலாறு தனி என்று இரண்டு நோட்டுப் புத்தகம் போட முடியாது. இரண்டும் ஒரே கல்லின் இரண்டு பக்கம்.

செங்குன்றம் மட்டுமா இப்படி? பட்டணத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். தாது வருடப் பஞ்சத்தின்போது, 1877–78-இல், நிவாரண வேலையாக அது வெட்டப்பட்டது. அந்தப் பஞ்ச காலத்தில் நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி கூலி நிர்ணயித்தார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். நாள் முழுக்க மண் வெட்டுகிறவனுக்கு அரைக் கிலோவுக்கும் குறைவான தானியம். கால்வாய்க்கு வைத்த பெயரோ, அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவுடையது.

மற்றவர்கள் எப்படி நினைவு வைக்கிறார்கள்?

பழைய தொழிற்கூடங்களையும் சரக்குப் பாதைகளையும் பாதுகாப்பது வெளிநாடுகளில் புதிதல்ல. இங்கிலாந்தில் ஆம்பர்லி என்ற ஊரில் மூடிப்போன சுண்ணாம்புச் சூளைகளும் அவற்றின் குறுகிய ரயில்பாதையும் இன்று அருங்காட்சியகம். பழைய சூளை, பழைய தண்டவாளம் என்று காயலாங்கடைக்குப் போட்டுவிடவில்லை.

நமக்கு இன்னும் பொருத்தமான உதாரணம் பிரிட்டனின் வேல்ஸ் பகுதி. அங்கே ஃபெஸ்டினியோக் என்ற இடத்தில் கற்பலகைக் குவாரியிலிருந்து துறைமுகத்துக்குக் கல் கொண்டுபோக 1836-இல் ரயில்பாதை திறந்தார்கள். செங்குன்றத்துக்கு ஓர் ஆண்டு மூத்தது. அங்கேயும் தொடக்கத்தில் எஞ்சின் கிடையாது. பாரம் ஏற்றிய வண்டிகள் சரிவில் தாமாகவே உருண்டு இறங்கும். காலி வண்டிகளைக் குதிரைகள் மேலே இழுக்கும். அந்தப் பாதை இன்றும் ஓடுகிறது. அந்தப் பாதையையும் உள்ளடக்கிய வடமேற்கு வேல்ஸ் கற்பலகைக் குவாரி நிலப்பரப்பை 2021-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அங்கே என்ன காட்டுகிறார்கள் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. லான்பெரிஸ் என்ற ஊரில் 1969-இல் மூடப்பட்ட குவாரியின் பட்டறை 1972-இல் அருங்காட்சியகமானது. குவாரித் தொழிலாளர்களின் வீடுகளைக் கல் கல்லாகப் பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே நிறுத்தி, எந்தக் காலத்தில் எப்படி வாழ்ந்தார்கள் என்று காட்டுகிறார்கள். பென்ரின் குவாரியில் 1900 முதல் 1903 வரை நடந்த நீண்ட தொழிலாளர் போராட்டம் அந்த மக்களின் நினைவில் இன்றும் இருக்கிறது. பென்ரின் குவாரி முதலாளிக் குடும்பத்தின் பணம் ஜமைக்கா கரும்புத் தோட்ட அடிமைகளின் உழைப்பில் சேர்ந்தது என்பதையும், அடிமை ஒழிப்பின்போது 764 பேரை விடுவித்ததற்காக அந்தக் குடும்பம் சுமார் 14,683 பவுண்டு இழப்பீடு வாங்கியது என்பதையும் இன்று வெளிப்படையாகச் சொல்கிறார்கள். இழப்பீடு அடிமைகளுக்கு அல்ல, முதலாளிக்கு. இதைச் சொன்னதால் வேல்ஸின் பெருமை குறைந்துவிடவில்லை.

நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. கோலார் தங்கவயல். வடஆற்காடு, செங்கற்பட்டு மாவட்டங்களிலிருந்தெல்லாம் போன தலித் தொழிலாளர்கள் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்தில் இறங்கித் தங்கம் எடுத்தார்கள். சுரங்கத்துக்காக 1894-இல் மாரிக்குப்பம் வரை ரயில்பாதை வந்தது. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. ஆனால் அந்த மக்கள் தங்கத்தை மட்டும் தோண்டவில்லை. பௌத்தச் சங்கம் வைத்தார்கள். அயோத்திதாசரின் எழுத்துகளை அச்சிட்டுக் காப்பாற்றினார்கள். பா.இரஞ்சித்தின் ‘தங்கலான்’ 2024-இல் வந்தபோது தங்கவயலின் கதையை நாடே பேசியது. உழைத்தவர்களே எழுதி வைத்ததால் பேச முடிந்தது. செங்குன்றத்துக்கு அப்படி எழுதி வைக்கும் கை அன்று இல்லை, எழுத்து மறுக்கப்பட்டிருந்தது. இன்று நம் பிள்ளைகள் கையில் எழுத்து இருக்கிறது.

கல் இன்னும் கனக்கிறது

இது பழங்கதை என்று யாராவது சொன்னால், நம் வட்டாரத்தை ஒருமுறை சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். செங்கல் சூளைகளில் ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக அழைத்துவரப்பட்டவர்கள் மண் பிசைகிறார்கள். அரிசி ஆலைகளிலும் மரம் வெட்டும் வேலையிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்ட செய்திகளை நாம் இதே பத்திரிகைகளில் படித்திருக்கிறோம். படியாள் என்ற சொல் போய்விட்டது. அட்வான்ஸ் என்ற சொல் வந்திருக்கிறது.

கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் வந்தது. அந்தச் சட்டத்துக்கு உயிர் கொடுத்த முக்கியமான தீர்ப்பும் கல் உடைத்தவர்களால் கிடைத்ததுதான். ஹரியானாவின் ஃபரிதாபாத் கல்குவாரித் தொழிலாளர்களுக்காக பந்துவா முக்தி மோர்ச்சா தொடர்ந்த வழக்கில், நீதிபதி பகவதி தலைமையிலான உச்சநீதிமன்ற அமர்வு 1983 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஒருவரிடம் கட்டாய உழைப்பு வாங்கப்படுகிறது என்று தெரிந்தால், அவர் முன்பணம் வாங்கியிருக்கிறார், கொத்தடிமையாக இருக்கிறார் என்றே கருத வேண்டும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது முதலாளியின் வேலை என்று அது சொன்னது.

வாசகர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் கொடுத்துவிட்டு வெளியே போக விடாமல், வேறு வேலைக்குச் செல்ல விடாமல், சட்டப்படியான கூலி கொடுக்காமல் ஒருவரை வைத்திருந்தால் அது கொத்தடிமை முறை. மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ யார் வேண்டுமானாலும் புகார் செய்யலாம். மீட்கப்பட்டவருக்கு விடுதலைச் சான்றிதழ் தர வேண்டும். அந்தக் கடன் சட்டப்படி செல்லாது. 2016-இல் மாற்றியமைக்கப்பட்ட ஒன்றிய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் வயதுவந்த ஆணுக்கு 1 லட்சம் ரூபாயும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம் ரூபாயும், மிகக் கொடிய நிலையில் இருந்தவர்களுக்கு 3 லட்சம் ரூபாயும் உண்டு. சான்றிதழ் கையில் இல்லாவிட்டால் இதில் எதையும் கேட்க முடியாது. எனவே மீட்பு நடக்கும் அன்றே சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

என்ன செய்யலாம்?

செங்குன்றத்தில் 1837-இன் ரயில்பாதையைக் குறிக்கும் ஒரு நினைவுச் சின்னம் வேண்டும். அதில் காட்டன் பெயர் இருக்கட்டும். அதே அளவு எழுத்தில், அடிமைமுறை சட்டப்படி செல்லுபடியான காலத்தில் கல் உடைத்த, மண் சுமந்த உழைப்பாளிகள் போட்ட பாதை இது என்ற வரியும் இருக்க வேண்டும். புது ஆவடி சாலையில் ஐ.சி.எஃப். ஒட்டி ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே செங்குன்றத்துக்கென்று ஒரு சுவர் ஒதுக்க வேண்டும். அதில் எஞ்சின் படத்துக்குப் பக்கத்திலேயே கடப்பாரையும் சம்மட்டியும் கூடையும் தொங்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. வருவாய் வாரியத்தின் பழைய கோப்புகள் அங்கே உள்ளன. தமிழோ வரலாறோ படிக்கும் முதுகலை மாணவர்கள் துறைத் தலைவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போய், செங்குன்றம், செங்கற்பட்டு, 1836 முதல் 1845 வரை என்று தேடத் தொடங்குங்கள். கூலிக் கணக்கு எழுதாமல் கம்பெனி ஒரு பைசாவும் செலவழித்ததில்லை. கணக்கு இருக்கும் இடத்தில் உழைத்தவனின் தடமும் இருக்கும்.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் காப்பகம் தூரம், வீடு பக்கம். தாத்தா பாட்டி கல் உடைத்தார்களா, ஏரி வேலைக்குப் போனார்களா, சூளையில் இருந்தார்களா என்று கேளுங்கள். என்ன கருவி வைத்திருந்தார்கள், அதை என்ன பெயரில் அழைத்தார்கள், நாள் கூலி எவ்வளவு, யார் கொடுத்தது, கையில் கொடுத்தார்களா, தூக்கிப் போட்டார்களா என்று கேட்டு எழுதுங்கள். சொல்கிறவரின் பெயரை மேலே பெரிதாக எழுதுங்கள்.